மலைப்பக்கமாக ஒதுங்கணும்

மங்களாம்பிகை மலை ஏறப் போகிறாள் என்ற செய்தி குடவாசலுக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சிற்றூரில் பரவியபோது, எல்லோரும் பழனி என்றுதான் நினைத்தார்கள். திருப்பதியாக இருக்கும் என்றார் பால் சொசைட்டிக்காரர். இமயமலை என்று தெரிந்ததும் ஊருக்கு வாயடைத்துப் போயிற்று. அடைத்த வாய் அரை நாளில் திறந்துகொண்டது. ஐம்பத்து நாலு வயதில், புருஷன் போன பொம்பளைக்குக் கால்சட்டையும் பூட்சும் மாட்டிக்கொண்டு பனியில் நடக்க என்ன தலையெழுத்து என்று நேரிலேயே கேட்டவர்கள் இரண்டு பேர். முதுகுக்குப் பின்னால் கேட்டவர்களுக்குக் கணக்கில்லை.

ஊர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. மலை என்றால் என்னவென்றே தெரியாத மண் அது. மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆற்றில் வந்து, வாய்க்காலில் திரும்பி, வயல் மடையில் நுழைகிறவரை எங்கேயும் குதிக்காது. நகர்ந்து நகர்ந்துதான் வரும். ஒரு முழ உயர வரப்பையே மேடு என்று சொல்லுகிற ஊர். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்து வாசலில் அடுக்குகிற நெல் மூட்டைதான் அந்த வட்டாரத்திலேயே பெரிய உயரம். அதுவும் லாரி வந்தால் கரைந்துவிடும்.

மங்களாம்பிகைக்கு மலை மேல் ஆசை ஒன்றும் கிடையாது. அவளுக்கு வேண்டியது வேறு. அவளுடைய ஒரே மகள் பிரகதீஸ்வரி போன வைகாசியிலிருந்து அவளோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் சண்டை என்று அர்த்தமில்லை. பெங்களூரிலிருந்து தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டியா, போட்டேன், சரி வைக்கிறேன். அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமான இரண்டாவது வருஷமே புருஷன் தியாகராசனை விட்டு விலகித் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்ட பெண், ஏன் விலகினாள் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. நேரில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பாள். சம்பந்தி வீட்டில் கேட்டால் "உங்க பொண்ணையே கேளுங்க" என்பார்கள். குடிக்கிறானா, கை நீட்டுகிறானா, வேறு சகவாசமா என்று தாய்க்காரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளையின் சாது முகத்துக்கு எதுவும் பொருந்தவில்லை. பெற்றவளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் நின்றிருக்க மாட்டோமா என்பதுதான் அவளுடைய தீராத ஆற்றாமை.

பொங்கலுக்கு வந்திருந்தபோது பிரகதி, மார்ச் மாதம் வடக்கே ஒரு மலையேற்றத்துக்குப் பேர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். கைடு கூட்டிப் போவார்களாம். ராத்தங்கல் கூடாரத்திலாம். ஏறி இறங்க ஆறு நாள், போன் எடுக்காதாம்.

"யாரோட போற?"

"யாரோடயும் இல்ல. கூட ஒரு இருபது பேர் வருவாங்க."

"தெரிஞ்சவங்களா?"

"தெரியாதவங்க. அதனாலதான் போறேன்."

அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. ஆனால் தைத்த இடத்திலேயே ஒரு யோசனையும் முளைத்தது. போன் எடுக்காத இடம். ஆறு நாள். ஒரே கூடாரம். பேசாமல் எங்கே போய்விடுவாள்?

"நானும் வரேன்" என்றாள் மங்களாம்பிகை.

பிரகதி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "உன்னால முடியாதும்மா. பன்னெண்டாயிரம் அடி."

"அடியெல்லாம் எனக்குத் தெரியாது. பன்னெண்டு மா நெலத்த ஒண்டியா சுத்தி வர்றேன். வருவேன்."

பன்னிரண்டு மா என்றால் நாலு ஏக்கர்; அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் துரைராசு நெஞ்சுவலியில் போனபோது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவள் மகளோடு போய்விடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் போகவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மறுநாளே தண்ணீர் கட்டப் போனாள். முறைத் தண்ணீருக்குச் சண்டை பிடித்தாள். அறுவடை மெஷினுக்கு முன்பதிவு செய்துவிட்டு டிரைவரைத் துரத்திப் பிடித்தாள். நெல்லை விற்றாள், உளுந்து தெளித்தாள். வெளியில் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். சாயங்காலம் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் வீடு பெரிதாகிவிடும். ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எத்தனை சிரமம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது; எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். டிவி ஓடிக்கொண்டிருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள். மகளுடைய போன்தான் அந்த நாளில் அவள் காதில் விழுகிற கடைசிக் குரல்.

அறுவடை முடிந்த கையோடு பயிற்சியை ஆரம்பித்தாள். மலைக்கு எங்கே போவது? பஸ் ஏறிக் கும்பகோணம் போய் அங்கிருந்து சுவாமிமலைக்குப் போனாள். டெல்டாவுக்கு வாய்த்த ஒரே மலை அது. அதுவும் மனுஷர் கட்டிய மலை, அறுபதே படி. கும்பகோணத்தில் வாங்கிய பூட்சைப் பையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, முதுகில் பத்துப் படி நெல்லைக் கட்டிக்கொண்டு ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். முதல் வாரம் சாமி கும்பிட்டாள். அப்புறம் சாமியே சலித்துப் போயிருப்பார் என்று படிக்கட்டோடு திரும்பிவிடுவாள்.

கீழே பூக்கடை வைத்திருந்த அம்மாள் பல நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னக்கா வேண்டுதல்? இந்த ஏத்தம் ஏறுறீங்க."

"பொண்ணு பேசணும்."

"அடப் பாவமே. வாய் பேச வராதா?"

"நல்லா பேசுவா. எங்கிட்டதான் பேச மாட்டேங்குறா."

பூக்காரி ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளிக் கையில் வைத்தாள், காசு வாங்கவில்லை.

மார்ச்சில் தாயும் மகளும் டேராடூனிலிருந்து ஒரு நாள் முழுக்க வேனில் வளைந்து வளைந்து போய், மலையடிவாரத்துக் கடைசி ஊரில் இறங்கினார்கள். அந்தச் சிகரத்தின் பெயரை மங்களாம்பிகையால் கடைசிவரை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பனிமலை என்றே சொல்லிவந்தாள். கூட வந்தவர்கள் எல்லாம் மகள் வயசுக்காரர்கள். ஜோடி ஜோடியாகவும் கூட்டம் கூட்டமாகவும் வந்திருந்தார்கள். சுடிதார் டாப்புக்குக் கீழே முதல்முதலாகக் கால்சட்டை போட்டிருந்த மங்களாம்பிகைக்குக் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. இழுத்துச் செருகுவதற்கு முந்தானை இல்லை.

அன்று மாலை தலைமை கைடு எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து விதிகளைச் சொன்னான். பிரகதி தமிழில் சொன்னாள். "தண்ணி நெறைய குடிக்கணும். தலவலி வந்தா மறைக்கக் கூடாது. வழியில சொமக்காரங்களோ கோவேறு கழுதையோ எதுத்தாப்ல வந்தா மலைப்பக்கமா ஒதுங்கி நிக்கணும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது. புரியுதா?"

"புரியுது" என்றாள் மங்களாம்பிகை. புரியத்தான் செய்தது.

மறுநாள் காலை நடக்க ஆரம்பித்த அரை மணியிலேயே அவளுடைய கணக்கு தப்பென்று தெரிந்துவிட்டது. மலையில் யாரும் சேர்ந்து நடப்பதில்லை. அவரவர் மூச்சுக்கு அவரவர் நடை. பிரகதி முன்வரிசையில் போனாள். மங்களாம்பிகை எல்லோருக்கும் கடைசி. அவளுக்கு மகளாகத் தெரிந்ததெல்லாம், முதுகுப்பை மேல் மாட்டிய சிவப்பு மழையுறை மட்டும்தான். அது பைன் மரங்களுக்கு நடுவே தெரியும், வளைவில் மறையும், இன்னும் உயரத்தில் சின்னதாக மறுபடி தெரியும். ஆயிரம் மைல் தாண்டி வந்து மகளுடைய பையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பதற்கு, பெங்களூருக்கே போயிருக்கலாம்.

கடைசியில் வருகிறவரோடு நடப்பதற்கென்றே ஒரு கைடு உண்டு. பல்வந்த் என்று பெயர், அந்த மலை ஊர்க்காரன், நாற்பது வயதிருக்கும். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இந்தி தெரியாது. அதனாலேயே அவனிடம் பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம் நின்று அவனிடம் தமிழிலேயே பேசினாள்.

"இங்க பாரு, தண்ணி பாட்டுக்குப் பாறையில கொட்டிக்கிட்டு கெடக்கு. கேப்பாரு இல்ல. எங்க ஊர்ல இதுக்கு மண்டைய ஒடச்சிக்குவாங்க."

"ஹான், மாதாஜி" என்றான் பல்வந்த்.

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமனாரு வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கெளம்பினாரு. வரப்புல எதுத்தாப்ல ஒரு பொம்பள நாத்துக்கட்ட தலையில வெச்சுக்கிட்டு வருது. நேரா சேத்துல எறங்கிட்டாரு மனுசன். முழங்காலு வரைக்கும் சேறு. சொமையோட வர்றவங்கள நிக்க வெக்கக் கூடாது, சும்மா வர்றவங்கதான் எறங்கணும்னாரு. எங்க பக்கம் அதுதான் பழக்கம். எம் பொண்ணுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ஹான், ஹான், மாதாஜி."

இப்படி ஒருவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வருவதே சுகமாகத்தான் இருந்தது.

கூடாரத்திலும் நிலைமை மாறவில்லை. ஆளுக்கொரு தூக்கப் பை. நெல் மூட்டைக்குள் நெல் போல உள்ளே இறங்கி, கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டால் பக்கத்தில் படுத்திருப்பவளைத் தொட முடியாது. பிரகதி அம்மாவுக்கு எல்லாம் செய்தாள். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள், வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள், விரலில் கிளிப்பை மாட்டி மூச்சுக் கணக்கைப் பார்த்தாள். நர்ஸ் செய்வதுபோலச் செய்துவிட்டு, கூடாரத் துணியைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மங்களாம்பிகை இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். "பாப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டாள்.

"என்னம்மா, தலவலிக்குதா?"

"இல்ல."

"அப்ப தூங்கு."

மூன்றாம் நாள் பனி வந்துவிட்டது. பூட்சுக்கு அடியில் இரும்புப் பல் வைத்த பட்டையை மாட்டிவிட்டார்கள். சரிவின் இடுப்பில் வெட்டிய ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெள்ளைச் சரிவு. அகலம் என்னவோ அவளுடைய வயல் வரப்பளவுதான் இருந்தது. அதனால் அவளுக்குக் காலில் பயம் வரவில்லை. மற்றவர்கள் தடுமாறிய இடத்தில் அவள் ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதம் வைத்துச் சரசரவென்று போனாள். பல்வந்தே ஆச்சரியப்பட்டான். இன்றைக்குப் பிரகதியை எட்டிப் பிடித்துவிடலாம் என்று கூட அவளுக்குத் தோன்றியது.

அப்போது மேலிருந்து வேறொரு குழுவின் சுமைக்காரர்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் முதுகில் கேஸ் சிலிண்டரும் சுருட்டிய கூடாரமும் ஏற்றி, இரண்டாக வளைந்து, தலையைக் குனிந்தபடியே வந்தார். பல்வந்த் பின்னாலிருந்து ஏதோ கத்தினான். மங்களாம்பிகை யோசிக்கவே இல்லை. சுமை வருகிறது, நாம் சும்மா வருகிறோம். பிறந்ததிலிருந்து கால் பழகியதைக் கால் செய்தது. வரப்பிலிருந்து வயலில் இறங்குவதுபோலப் பள்ளத்துப் பக்கம் இறங்கிவிட்டாள்.

வயலாக இருந்தால் சேறு பிடித்து நிறுத்தியிருக்கும். பனிக்கு அந்தப் பழக்கம் இல்லை. காலடியில் பொதுக்கென்று உள்வாங்கி, அவளை உட்கார்ந்த வாக்கில் இழுத்துக்கொண்டு போய், ஒரு பைன் மரத்தின் அடியில் மோதவிட்டது. மரம் இருந்தது பெரியவர்கள் செய்த புண்ணியம். வலது கணுக்கால் மட்டும் மடங்கிக்கொண்டது.

பல்வந்த் விசிலை ஊதிக்கொண்டே சறுக்கி வந்தான். மேலேயிருந்து சிவப்பு உறை போட்ட பை தனியாக உருண்டது. பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்த பிரகதி அம்மாவின் முன்னால் முழங்காலிட்டாள்.

"யாரு உன்ன அந்தப் பக்கம் எறங்கச் சொன்னா? மொத நாளே சொன்னாங்கல்ல?"

"சொமையோட வந்தாரு, பாப்பா."

"வந்தா என்ன? நீ எதுக்குப் பள்ளத்துல எறங்கணும்? மரம் இல்லன்னா செத்துருப்பம்மா நீ. எப்பப் பாரு ஒதுங்கு, ஒதுங்குன்னு..." பிரகதி அத்தோடு நிறுத்தி, முகத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டாள்.

கணுக்கால் விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மங்களாம்பிகையின் மனசுக்குள் ஓர் ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது. திட்டுதான், இருந்தாலும் மகளிடமிருந்து இத்தனை வார்த்தைகள் வந்து எத்தனை நாளாயிற்று!

உச்சிக்குக் கீழே இருந்த கடைசி முகாமுக்கு அவளைப் பல்வந்த் முக்கால்வாசி தூரம் முதுகில் தூக்கிக்கொண்டே வந்து சேர்த்தான். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று கட்டுப்போட்டார்கள். மறுநாள் மற்றவர்கள் உச்சிக்குப் போய்த் திரும்பும்வரை அவள் முகாமிலேயே இருக்க வேண்டும். இறங்குவதற்குக் கீழிருந்து கோவேறு கழுதை வரும் என்று தலைமை கைடு சொல்லிவிட்டான்.

"நான் போகட்டுமா?" என்று கேட்டாள் பிரகதி.

"போயிட்டு வா. இதுக்குத்தான வந்த" என்றாள் மங்களாம்பிகை.

அவள் மனசார எதிர்பார்த்தது, நான் இருக்கிறேன் என்ற பதிலை. மனுஷி வாயைத் திறந்து கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. விடிவதற்கு முன்னாலேயே எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

வெயில் வந்ததும் முகாமில் தங்கிய சமையல்காரர் அவளுக்கு ஒரு ஸ்டூலை வெளியே போட்டு, டீயைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் கூடாரத்துக்குத் தூங்கப் போய்விட்டார். சுற்றிலும் வெள்ளை. ஒரு காக்காய்கூட இல்லை. எதிரே முகட்டில் எறும்பு வரிசைபோலப் புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஊரில் நாலு வயல் தள்ளிப் போகிறவரை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள் அவள். இங்கே பெற்ற மகள் எந்தப் புள்ளி என்று தெரியவில்லை. சிவப்பு எதிலும் தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்ததும் புள்ளிகளே மறைந்தன.

துரைராசு இறந்த அன்றுகூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்று வீடு நிறைய ஜனம். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வேலை அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனது. களை, உரம், தண்ணீர், மெஷின் என்று அவளும் பின்னாலேயே ஓடினாள். இங்கே ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாமல் உட்கார்ந்து பார்த்தபோதுதான், தனக்கென்று இருப்பது அந்த முகட்டில் ஏறும் ஒரே ஒரு புள்ளி என்பதும், அதுவும் தன்னைவிட்டுத் தூரமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் அவளுக்கு உறைத்தது. டீ ஆறி, மேலே ஏடு கட்டி, அப்படியே உறைந்துபோயிற்று.

மத்தியானம் தாண்டி அவர்கள் திரும்பினார்கள். பிரகதியின் முகம் வெயிலில் கன்றி, உதடு வெடித்திருந்தது. கூடார வாசலில் காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் போட்டோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உச்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் மங்களாம்பிகை.

"நெறைய எடம் இருந்துச்சும்மா. அவ்வளவு எடத்துல நிக்கவே எனக்குத் தெரியல. ஒரு ஓரமா போயி நின்னுக்கிட்டு இருந்தேன். பல்வந்த் வந்து, நடுவுல வாங்கன்னு கூட்டிட்டுப் போயி நிறுத்துனாரு."

அதைச் சொன்ன குரல் ஒரு மாதிரி இருந்தது. மங்களாம்பிகை மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தாள். இனிமேல் கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று நினைத்தாள்.

"என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, பாப்பா. நான் வந்து நின்னுருக்க மாட்டேனா?"

பிரகதி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கோபமில்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"சொன்னேனேம்மா. மொதல்ல ஒங்கிட்டதான் சொன்னேன்."

"எங்கிட்டயா? எப்ப?"

"போன வருசம் தை மாசம். அவரோட அப்பா அம்மா வைத்தியத்துக்குன்னு வந்து ஒரு ரூம்ல தங்கினாங்க. சரின்னு விட்டேன். அவரு தம்பிக்கு நைட் ஷிப்ட், பகல்ல தூங்கணும்னு எங்க ரூமையும் குடுத்துட்டாரு. எனக்கு அப்ப வீட்டுலேருந்துதான் ஆபீஸ் வேல. நான் லேப்டாப்ப எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வந்தேன். ஹால்ல டிவி. பின்னாடி வாஷிங் மெஷின் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டு வேல பாத்தேன். அன்னைக்கு அந்த ஸ்டூல்ல உக்காந்துதான் ஒனக்குப் போன் பண்ணினேன். அம்மா, எனக்கு இங்க உக்கார எடமில்லம்மான்னேன். எல்லாத்தையும் சொன்னேன். நீ ம், ம்ன்னு கேட்ட. அப்பறம், ‘கொஞ்சம் ஒதுங்கி இருந்துக்க கண்ணு, மெஷின் வந்துருக்கு’ன்னு வெச்சுட்ட."

மங்களாம்பிகைக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. மெஷின் மூன்று நாள் இழுத்தடித்துவிட்டு அன்றுதான் வயலில் இறங்கியிருந்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. காதைப் பிளக்கும் சத்தம். வரப்பை இடிக்காமல் திருப்பு என்று டிரைவருக்குக் கையைக் காட்டிக்கொண்டே ஒரு காதில் போனை வைத்திருந்தாள். டிரைவர் போட்டிருந்த சட்டை ஞாபகமிருந்தது. எந்த மூலையில் கதிர் சாய்ந்திருந்தது என்பது ஞாபகமிருந்தது. மகள் சொன்ன ஒரு வார்த்தைகூட ஞாபகத்தில் இல்லை. ஹான், ஹான் மாதாஜி என்று தலையாட்டிய பல்வந்தாவது மொழி தெரியாதவன்.

"மறுநாள் நீயே கூப்பிட்ட" என்றாள் பிரகதி. "நெல்லுல ஈரப்பதம் கூட இருக்குன்னு கொள்முதல்ல மூட்டைய எடுக்கலன்னு சொல்லி வருத்தப்பட்ட. அப்பறம் நான் எதுவும் சொல்லல."

"அவரு அடிச்சாராடி?"

"சேச்சே. நல்லவருதான். வைகாசில ஒரு நாள் ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போகப் புடிக்காம கூட வேல பாக்குற ஷோபனா ரூமுக்குப் போயிட்டேன். மூணு நாள் யாரும் தேடல. மூணாம் நாள் அவரு போன் பண்ணினாரு. வாஷிங் மெஷின எப்படிப் போடுறதுன்னு கேட்டாரு. சொல்லிக் குடுத்தேன். சரின்னு வெச்சுட்டாரு. நான் எங்க இருக்கேன்னு கேக்கல. அதுக்கப்பறம் அங்க போகல, தனியா ரூம் எடுத்துக்கிட்டேன். ஒதுங்கி ஒதுங்கிப் போனதுல நான் வீட்டுக்கு வெளியிலயே வந்துட்டேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

வெளியே சமையல்காரர் சாப்பாட்டுக்குத் தட்டைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஒம்மேல கோவமெல்லாம் இல்லம்மா" என்றாள் பிரகதி, அவசரமாக. "பாவம், நீ தனியா என்னதான் பண்ணுவ."

கோபம் இருந்திருந்தால் மங்களாம்பிகை தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மலை ஏறி வந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம், அவளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. வந்து நின்றிருப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், வந்து நிற்க வேண்டிய அன்றைக்குப் போனை வைத்திருக்கிறாள். மகள் தட்டில் போட்டுக் கொண்டுவந்த கிச்சடியை, ஒரு பருக்கை மிஞ்சாமல், அழுதுகொண்டே சாப்பிட்டாள். பிரகதி பார்க்காததுபோல இருந்துவிட்டு, களைப்பில் சீக்கிரமே தூங்கிப்போனாள்.

காலையில் கோவேறு கழுதை வந்தது. மங்களாம்பிகையைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பல்வந்த் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். மற்றவர்கள் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்கள். வழக்கம்போல் முன்வரிசையில் சிவப்பு உறையைத் தேடிய மங்களாம்பிகைக்கு அது தென்படவில்லை. திரும்பிப் பார்த்தால், பிரகதி கழுதைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

வழியில் கீழிருந்து சுமைக்காரர்கள் ஏறி வந்தார்கள். பல்வந்த் கழுதையை மலைப்பக்கமாக ஒட்டி நிறுத்தினான். பிரகதியும் கழுதைக்கும் மலைக்கும் நடுவே புகுந்து, பாறையில் முதுகைச் சாய்த்து நின்று, அம்மா சரிந்துவிடாமல் அவளுடைய கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டாள். சுமைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெருமூச்சோடு கடந்து போனார்கள்.

"பாப்பா" என்றாள் மங்களாம்பிகை. "அன்னைக்குப் போன்ல சொன்னத மொதல்லேருந்து சொல்லு."

"அதான் நேத்தே சொல்லிட்டேனே."

"நேத்து பாதிதான் சொன்ன. நீ ஏன் சொல்லாம விட்டன்னுதான் கேட்டேன், என்ன நடந்துச்சுன்னு நான் இன்னும் கேக்கல. இங்க மெஷின் சத்தம் இல்ல. சொல்லு."

கடைசிச் சுமைக்காரரும் போனபின் பல்வந்த் கழுதையைத் தட்டினான். பாதை அகன்ற இடம் வந்ததும் பிரகதி முன்னேறி, மலைப்பக்கமாக அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு சொல்ல ஆரம்பித்தாள். பெங்களூரில் வீடு பார்த்துக் குடிபோன நாளிலிருந்து ஆரம்பித்தாள். மங்களாம்பிகை நடுவில் ஒரு ‘ம்’ கூடச் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.